தனிக்கு எழுந்து போனவர்கள்

வேளச்சேரி,
12 நவம்பர் 2024

அன்புள்ள ஸ்ரீநாத்,

நலம். 'நலமறிய ஆவல்' என்று எழுதக் கை போனது. விவாகரத்துக்கு மனு போட்டவள் அப்படி எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். ஆவல் இருக்கிறது, அதனால் எழுதிவிட்டேன்.

குடும்ப நீதிமன்றத்தில் கவுன்சலிங் மேடம் கைசர் ஜஹான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "மார்ச் பதினேழுல ரெண்டாவது தடவை வந்து கையெழுத்து போடணும். அதுவரைக்கும் பேசிக்காம மட்டும் இருக்காதீங்க" என்றார். போனில் பேசித்தான் பார்த்தோமே. நீ கத்த ஆரம்பிக்கிறாய், நான் போனை வைத்துவிடுகிறேன். கடிதத்தில் கத்த முடியாது, பாதியில் வைக்கவும் முடியாது. அதனால் முதல் கடிதத்தை நானே எழுதுகிறேன். கல்லூரிக்கு அப்புறம் நான் பேனா பிடித்து எழுதும் முதல் பக்கம் இது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

இங்கே மழை. எங்கள் அபார்ட்மென்ட்காரர்கள் வழக்கம்போலக் காரையெல்லாம் மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட்டார்கள்.

இனி முடுக்கு செய்தி. நீ ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத முடுக்கு. அடையாறு காந்தி நகரில் ஒரு பழைய கார் ஷெட், இன்னும் கிரீஸ் வாசனை போகவில்லை. பாடுகிறவர்கள், படம் வரைகிறவர்கள், சாலிடரிங் பிடிக்கிறவர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வரும் பக்கத்துத் தெருக்காரர்கள் என்று யார் வேண்டுமானாலும் வந்து எதையாவது செய்து பார்க்கலாம். அதற்கு நிகழ்ச்சி ஏற்பாடு செய்வதுதான் என் உத்தியோகம் என்பதாவது உனக்குத் தெரியும் என்று நம்புகிறேன்.

ஜனவரி முதல் மார்ச் வரை என்னென்ன வரப்போகிறது, கேள். சகினா ஒரு கண்காட்சி வைக்கிறாள். வேளச்சேரியின் பெரிய வரைபடம். உன் தெருவைத் தொட்டால், போன வெள்ளத்தில் அங்கே தண்ணீர் எந்த உயரத்துக்கு நின்றதோ அந்த உயரத்தில் சுவரில் ஒரு நீலக்கோடு எரியும். முழங்காலா, இடுப்பா, கழுத்தா என்று நின்று அளந்து பார்க்கலாம். ஷ்ரேயா சலங்கை கட்டாமல் ஆடுகிறாள். காலில் பட்டையாக ஒரு கருவி, சத்தம் எதிர்ச்சுவரிலிருந்து வருகிறது. பரத்வாஜ் பறக்கும் ரயில் நிலையங்களின் ஓசையைப் பதிவு செய்து வைத்திருக்கிறான். இருட்டில் உட்கார்ந்து, எது திருமயிலை, எது இந்திரா நகர் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

நாலாவது என்னுடையது. மூடிவிட்ட ஒரு சபாவிலிருந்து அறுபது நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறேன். எங்கள் அப்பா தி.நகர் கடையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "என்னட்டி, உக்காரவன் முதுகுல ஷாக் அடிக்கப் போறியா?" என்றார். ஷாக் இல்லை. ஒவ்வொரு நாற்காலிக்கும் அடியில் எடையை உணரும் சென்சார், தலைக்கு மேலே ஒரு சின்ன விளக்கு. உட்கார்ந்திருந்தால் விளக்கு எரியாது. எழுந்தால் எரியும். அவ்வளவுதான்.

இனிமேல்தான் நீ கோபப்படப் போகிறாய். பாடகர் பாட்டை நிறுத்திவிட்டு உன்னை மட்டும் மிருதங்கம் வாசிக்கச் சொல்லும் தனி ஆவர்த்தனம் இருக்கிறதே, அது ஆரம்பித்ததும் பாதி சபா கேன்டீனுக்கு நடையைக் கட்டுகிறதே, அதுதான் என் விஷயம். யார் முதலில் எழுகிறார்? ஒருவர் எழுந்தால் பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்? எழவைப்பது பசியா, அலுப்பா, வெறும் பழக்கமா? எனக்குத் தெரிந்தே ஆகவேண்டும். பெயர்கூட வைத்துவிட்டேன்: 'எழுந்தவர்கள்'. மார்ச் 8, சனிக்கிழமை சாயங்காலம். பாட்டு கிடையாது, தனி மட்டும்தான். வாசிக்க உன்னைக் கேட்கிறேன்.

திட்டியாவது பதில் போடு.

அன்புடன்,
தாரணி


மயிலாப்பூர்,
21 நவம்பர் 2024

அன்புள்ள தாரணிக்கு,

சௌக்கியம். உன் கடிதத்தை அப்பாதான் தபால்காரரிடம் வாங்கினார். "கோர்ட்லேர்ந்தா?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். இல்லை என்றதும் அவருக்கு இன்னும் பயமாகிவிட்டது.

படித்து முடித்ததும் சுருட்டி எறியத்தான் நினைத்தேன். தனிக்கு எழுந்து போகிறவர்களை வைத்து ஒரு கண்காட்சி. அதற்கு வாசிக்கக் கூப்பிடுவது, தனிக்கு எழுந்து போன பெண்டாட்டி. இந்த ஊரில் வேறு எந்த மிருதங்கக்காரனுக்காவது இந்தப் பாக்கியம் கிடைத்திருக்குமா?

உனக்கு ஒன்று தெரியுமா? எங்களுக்கு விளக்கு தேவையே இல்லை. மேடை வெளிச்சம் கண்ணில் அடிக்கும், எதிரே கும்மிருட்டு, ஒரு முகம் தெரியாது. ஆனால் காது இருக்கிறது. பெரிய ஹால்களில் ஸ்பிரிங் வைத்த சீட், ஆள் எழுந்தால் தானாக மடங்கி 'டப்' என்று அடிக்கும். நான் மெதுவாக ஆரம்பிப்பேன். டப். இரண்டு வரிசை தள்ளி இன்னொரு டப். தாளத்திலாவது விழுகிறதா என்றால் அதுவும் இல்லை. அதற்கு நடுவில் உட்கார்ந்து வாசித்துப் பார், தெரியும்.

நந்தனத்துக் கச்சேரியை மறந்துவிட்டாயா? ஹாலில் இருந்ததே விரல் விட்டு எண்ணக்கூடிய ஜனம். தனி ஆரம்பித்தேன். பக்கத்துக் கதவு திறந்தது. வெளி வெளிச்சத்தில் ஒரு கத்தரிப்பூ நிறப் புடவை வெளியே போனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் பேசியது அதிகம்தான். ஆனால் பார்த்தது பார்த்ததுதான். என் வாசிப்பு உனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று அன்று சொன்னேன், இன்றும் அதையேதான் நினைக்கிறேன்.

ஆகவே வரமாட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். ஒருத்தர் எழுந்துவிட்டார் என்று நாற்காலிக்கு எப்படித் தெரியும்? மூக்குக் கண்ணாடியை எடுக்கக் குனிந்தால், வேட்டியைச் சரிசெய்ய லேசாகத் தூக்கி உட்கார்ந்தால், அதையும் எழுந்த கணக்கில் சேர்த்துவிடாதா? சும்மா கேட்கிறேன். வருகிறேன் என்று அர்த்தமில்லை.

இப்படிக்கு,
ஸ்ரீநாத்


வேளச்சேரி,
29 நவம்பர் 2024

அன்புள்ள ஸ்ரீநாத்,

வரமாட்டேன் என்றவன் கேட்ட சந்தேகத்தை அக்பர் பாஷாவிடம் படித்துக் காட்டினேன். முடுக்கில் கருவிகள் எல்லாம் அவர் கைவண்ணம். அதற்கு முன்னால் ராயப்பேட்டையில் மைக்செட் கடை வைத்திருந்தார். "சார் கேக்குறது கரெக்ட்டு மேடம்" என்று சொல்லி ஒரு நாள் முழுக்க மாற்றி மாற்றிப் பார்த்தார். இப்போது பாதி எடைக்கு மேல் குறைந்தால்தான் விளக்கு எரியும். முடுக்கு ஆட்களை எல்லாம் உட்காரவைத்துச் சோதித்தோம். குனிந்தோம், நெளிந்தோம், கால்மேல் கால் போட்டோம். ஒரு விளக்குகூட ஏமாறவில்லை. "சேரு நம்மள விட உஷாரா கீது" என்று அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

இனி நந்தனம். கத்தரிப்பூப் புடவை நான்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன், நிதானமாகப் படி.

நந்தனத்துக்கு ரொம்ப முன்னால், கல்யாணமாகி நான் வந்த முதல் கச்சேரி. எங்கள் வீட்டில் கச்சேரி கேட்ட பழக்கம் யாருக்கும் கிடையாது. தீபாவளி சேல் ஓடும்போது கடையில் நாதஸ்வர கேசட் போடுவார்கள், அவ்வளவுதான். நீ தனி வாசிக்க ஆரம்பித்ததும் உன் அம்மா என் கையைப் பிடித்து எழுப்பினார். "வா, போண்டா ஆறிடும்" என்றார். நான் போனேன். அங்கே பார்த்தால் சபாவே நிற்கிறது. அடுத்த கச்சேரியிலும் அதே. சினிமாவுக்கு இடைவேளை மாதிரி, கச்சேரிக்குத் தனி என்றுதான் நான் புரிந்துகொண்டேன். பாடகருக்கு ஓய்வு, நமக்குக் காபி, சும்மா இருக்க வேண்டாமே என்று நீ வாசிக்கிறாய். இதில் உனக்கு மனசு நோகும் என்று யாராவது சொன்னார்களா? நீ சொன்னாயா? எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, நந்தனத்துக் கச்சேரி அன்றைக்கு வீட்டில் வந்து கொட்டினாய்.

எனக்கும் மனசு நோகும் ஸ்ரீநாத். நான் என்ன செய்கிறேன் என்று நீ ஒரு நாள் வந்து பார்த்ததில்லை. "பொம்மை லைட்டு" என்று உன் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தாய். நான் உன் கச்சேரிக்கு வந்துவிட்டு எழுந்து போனேன். நீ என் இடத்துக்கு வரவே இல்லை.

கோபத்தில் எழுதவில்லை. போனாக இருந்தால் இந்நேரம் வைத்திருப்பேன்.

தாரணி


மயிலாப்பூர்,
5 ஜனவரி 2025

அன்புள்ள தாரணிக்கு,

மார்கழி சீசன் முடிந்து இப்போதுதான் மூச்சு விடுகிறேன். தாமதத்துக்கு அதுதான் காரணம் என்று எழுத நினைத்தேன். உண்மையில் உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன்.

அம்மாவிடம் போண்டா விஷயத்தைக் கேட்டேன். கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. "ஆமாம், நான்தான் அழைச்சுண்டு போனேன். சூடா இருக்கச்சே சாப்பிடாம பின்னே? உன் தனியைத்தான் ஆத்துல தினம் கேட்டுண்டிருக்கேனே!" என்றாள். அப்பா பேப்பருக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தனி என்றால் இடைவேளை என்று நினைத்தேன் என்று நீ எழுதியதைப் படித்து முதலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் ஒரு நாள் குளத்தங்கரையில் நடக்கும்போது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எதிரே வந்தவர் விலகிப் போனார்.

சீசனில் ஒரு பாடகர் மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "சின்னதா முடிச்சுடுங்கோ, ஜனங்க எழுந்துக்கறா" என்றார். வாசித்தேன் என்று பேர் பண்ணிவிட்டு முடித்தேன். மிருதங்கத்தை உறையில் போடும்போது உன் அறுபது நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது. அங்கே யாரும் சின்னதாக முடிக்கச் சொல்லமாட்டார்கள் அல்லவா? எவ்வளவு நேரம் வாசிக்கலாம்?

யார் முதலில் எழுகிறார்கள் என்று எனக்கும் தெரிய வேண்டும். இத்தனை வருஷமாகக் காதால் கேட்டதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுகிறேன். அதிகபட்சம் என்ன, எல்லோரும் போவார்கள். எத்தனை பேர் என்று தெரிந்துகொண்டாவது இருப்பேன்.

பிப்ரவரி 2 ஞாயிறு காலை ஒத்திகை வை. உங்கள் ஆட்களை வைத்துச் சோதித்தது போதாது. நான் அசல் சபா மாமாக்களை அழைத்து வருகிறேன். வேம்பு மாமா தலைமையில் ஒரு கோஷ்டியே வரும். தனிக்கு எழுந்து போவதில் அவர்களுக்கு நல்ல அனுபவம்.

ஸ்ரீநாத்


அடையாறு,
2 பிப்ரவரி 2025

ஸ்ரீநாத்,

எங்கே போனாய்? போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். ஆட்டோ பிடித்துப் போனாய் என்று தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் சொன்னார். உன் செருப்பு முடுக்கு வாசலிலேயே கிடக்கிறது. வெறுங்காலோடு மயிலாப்பூர் வரைக்கும்!

காலையில் நீ வந்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? சகினாவின் வரைபடத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தாய். ஷ்ரேயாவின் கால்பட்டையைக் கையில் வாங்கி, அதை மேஜையில் தட்டி ஒரு ஜதி வாசித்தாய், சுவர் பதில் சொன்னது. நீ குழந்தை மாதிரி சிரித்ததை நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நடந்ததை நான் நின்ற இடத்திலிருந்து எப்படிப் பார்த்தேனோ அப்படிச் சொல்கிறேன். தயவு செய்து கடைசிவரை படி.

நீ வாசிக்க ஆரம்பித்து ரொம்ப நேரம் ஒரு விளக்குகூட எரியவில்லை. வேகம் கூடியது. அங்கொன்றும் இங்கொன்றுமாக விளக்கு மினுக்கியது. மூன்று தடவை வந்து முடியும் கோர்வையை ஆரம்பித்தாய். இரண்டாவது தடவையில் விளக்குகள் கொத்துக் கொத்தாக எரிந்தன. மூன்றாவது தடவை பாதி போகும்போது ஹால் முழுக்க எரிந்தது. நீ நிமிர்ந்து பார்த்தாய். கையை எடுத்தாய். மிருதங்கத்தை உறையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாய்.

மேடை வெளிச்சத்தில் உனக்கு ஆள் தெரிந்திருக்காது, விளக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். எல்லோரும் எழுந்துவிட்டார்கள் என்று நினைத்தாய். ஸ்ரீநாத், ஒருவர்கூட எழவில்லை. உன் மேல் சத்தியமாகச் சொல்கிறேன்.

தாளம் போட்டார்கள், அவ்வளவுதான். தொடையில் ஓங்கி ஓங்கி அடிக்கிறார்கள், கோர்வை முடியப்போகிறது என்றால் உடம்பே சீட்டை விட்டு எழும்பி இறங்குகிறது. வேம்பு மாமா கிட்டத்தட்டக் குதித்தார். பாதி எடை குறைந்தது என்று நாற்காலி விளக்கைப் போட்டுவிட்டது. நாங்கள் சோதித்தபோது குனிந்தோம், நெளிந்தோம், எல்லாம் செய்தோம். தாளம் போடவில்லை. அன்று உட்கார்ந்தவர்களில் யாருக்கும் போடத் தெரியாது, தெரிந்த ஷ்ரேயா அன்றைக்கு வரவில்லை. தாளம் தெரியாதவர்களை உட்காரவைத்துச் சபா நாற்காலியைச் சோதித்த முட்டாள் நான்தான்.

நீ போனதும் என்ன நடந்தது என்று கேள். மாமாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் எல்லோரும் கைதட்டினார்கள். "பாதியில நிறுத்திட்டுப் போறதுதான் மாடர்ன் ஆர்ட் போலிருக்கு" என்று ஒரு மாமா பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். அக்பர் பாஷா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பதில் எழுது. திரும்பி வா. இரண்டில் ஒன்றாவது செய்.

தாரணி


வேளச்சேரி,
12 பிப்ரவரி 2025

அன்புள்ள ஸ்ரீநாத்,

பதில் இல்லை. செருப்பைக் கூரியரில் அனுப்பினேன், கிடைத்ததா?

நீ நம்பவில்லை என்று நினைக்கிறேன். உன்னைச் சமாதானப்படுத்தக் கதை கட்டுகிறேன் என்று நினைக்கிறாய். அன்று யாரும் வீடியோ எடுக்கவில்லை, போனை அணைத்து வைக்கச் சொன்னதும் நான்தான். என் வார்த்தையைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை.

அக்பர் பாஷா ஒரு யோசனை சொன்னார். "எழுந்தா எரியிறது வாணாம் மேடம். தட்டுனா எரியட்டும். யாரு யாரு எங்க தட்டுறாங்கன்னு பாத்துக்கினு இருக்கலாம்." எனக்கு உடனே பிடித்துவிட்டது. எழுந்து போகிறவர்களைத் தேடிக்கொண்டிருந்தேன், உட்கார்ந்திருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது அதுதான் தெரிய வேண்டியிருக்கிறது. நீ வராவிட்டால் இந்த நிகழ்ச்சியை ரத்து செய்வேன். வேறு ஆளைக் கூப்பிடமாட்டேன்.

எங்கள் அப்பா, கையெழுத்துக்கு வக்கீல் தேதியை உறுதி செய்யச் சொன்னதாக ஞாபகப்படுத்தினார். சரி என்றேன்.

தாரணி


மயிலாப்பூர்,
17 பிப்ரவரி 2025

அன்புள்ள தாரணி,

செருப்பு வந்தது. துடைத்து வேறு அனுப்பியிருக்கிறாய்.

நீ நினைத்தது சரிதான், நான் நம்பவில்லை. ஒத்திகையிலிருந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வேம்பு மாமா போன் பண்ணினார், எடுக்கவில்லை. நேற்று வடக்கு மாட வீதியில் கீரை வாங்கும்போது மாட்டிக்கொண்டேன். நடுத்தெருவில் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டா, உனக்கு என்ன ஆச்சு? நாங்க அத்தனை பேரும் தாளம் போட்டுண்டு உக்காந்திருக்கோம், நீ எழுந்து போயிட்டே. தனிக்கு எழுந்து போன வித்வான் உலகத்துலயே நீ ஒருத்தன்தாண்டா!"

கீரைக்காரம்மாவே திரும்பிப் பார்த்தாள். எனக்குக் காது சுட்டது. உன் கடிதத்தில் இருந்த அதே விஷயம்தான், ஆனால் அவர் வாயால் கேட்டபோதுதான் உறைத்தது. அத்தனை பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் எழுந்து போனது நான் மட்டும்தான். முழுசாக விசாரிக்கக்கூட இல்லை. விளக்கைப் பார்த்தேன், முடிவு கட்டினேன், கிளம்பினேன். நந்தனத்திலும் இதைத்தான் செய்தேனோ என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கீரையை அங்கேயே விட்டுவிட்டேன்.

மார்ச் 8 வருகிறேன். ஒரு நிபந்தனை. நீ தூணுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது, கம்ப்யூட்டர் முன்னாலும் உட்காரக்கூடாது. அந்த அறுபதில் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை. தாளமும் போட வேண்டும்.

ஸ்ரீநாத்


வேளச்சேரி,
21 பிப்ரவரி 2025

அன்புள்ள ஸ்ரீநாத்,

உட்காரச் சொன்னால் உட்காருவேன். தாளம்தான் இடிக்கிறது. மற்ற சபாவில் தப்பாகப் போட்டால் புடவை மடிப்புக்குள் மறைத்துக்கொள்ளலாம். இங்கே தலைக்கு மேலே விளக்கு இருக்கிறது, ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். மயிலாப்பூர் மாமாக்கள் ஐம்பது பேர் நடுவில் தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் பெண்ணின் விளக்கு மட்டும் தனியாக மினுக்கும். உன் அம்மாவும் வருவார். உனக்கு இது வேடிக்கையாக இருக்கிறதா?

யாரிடமாவது கற்றுக்கொள்ளலாமா என்று பார்த்தேன். ஷ்ரேயா சொல்லித்தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். தெரிந்த மாதிரி நடிக்க எனக்குப் பிடிக்கவில்லை. கேட்கிறபடி தட்டுகிறேன், என்ன வருகிறதோ வரட்டும்.

பயமாக இருக்கிறது. அதைவிட, உட்கார்ந்து கேட்டால் என்னதான் இருக்கும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

நிகழ்ச்சி அறிவிப்பு இன்று வெளியானது. மார்ச் முதல் வாரம் பரத்வாஜின் ரயில் ஓசை, நடுவில் ஷ்ரேயா, எட்டாம் தேதி சனிக்கிழமை நீ. பெயரை மாற்றிவிட்டேன். 'தட்டுகிறவர்கள்'. காபி, போண்டா நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் கிடைக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன்.

தாரணி


வேளச்சேரி,
9 மார்ச் 2025

அன்புள்ள ஸ்ரீநாத்,

நேற்று உன்னோடு பேச முடியவில்லை, ஒரே கூட்டம். நீயும் உடனே கிளம்பிவிட்டாய், இந்தத் தடவை செருப்போடு.

நான் கேட்டேன். முழுசாக. இத்தனை வருஷம் பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்ததை நேற்றுத்தான் கேட்டேன் என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும், ஆனால் அதுதான் நிஜம். ஆரம்பத்தில் கண்ணை விளக்கில் வைத்திருந்தேன். எல்லா விளக்கும் சேர்ந்து எரிந்து அணையும், என்னுடையது அப்புறம் எரியும். முந்திப் பார்த்தேன், முடியவில்லை. உன் அம்மா இரண்டு வரிசை முன்னாலிருந்து திரும்பி மேலே பார்த்தார். செத்துவிடலாம் போல இருந்தது. அப்புறம் எப்போது என்று தெரியவில்லை, வெட்கம் போய்விட்டது. அடுத்த அடி எங்கே விழப்போகிறது, அதுதான் தெரிய வேண்டியிருந்தது. நீ இடதுகையால் அடியில் முனகுகிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பினாயே, அது என்ன? அதற்குப் பெயர் இருக்கிறதா? பாதியில் நிறுத்தி ஒன்றுமே வாசிக்காமல் இருந்தாயே, அதையும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாயா? இன்னும் நிறையக் கேள்வி இருக்கிறது. இவ்வளவு இருப்பது தெரியாமல் வரிசையில் நின்று போண்டா வாங்கியிருக்கிறேனே!

இப்போது ஒரு கோளாறு பற்றி. கடைசிக் கோர்வை. முதல் இரண்டு தடவையும் வழக்கம்போல மாமாக்கள் விளக்கு முன்னால், என்னுடையது பின்னால். மூன்றாவது தடவை நீ முடித்த அடியும் என் கை விழுந்ததும் ஒன்றாக இருந்தன. முதல் முறையாக எனக்குச் சரியாக விழுந்தது. நான் கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். ஆனால் மற்ற விளக்கெல்லாம் அதற்கு முன்பே எரிந்து அணைந்துவிட்டன. வேம்பு மாமா "அடடா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். உன் அப்பா தரையைப் பார்த்தார். கைதட்டலும் கொஞ்சம் தயங்கித்தான் வந்தது.

விளக்குகள்தான் முந்திக்கொண்டன என்று அக்பர் பாஷாவுக்குச் சந்தேகம். இன்று காலையிலிருந்து ஒவ்வொரு வயராகச் சோதித்துவிட்டார். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, "எங்க மிஸ்டேக்குன்னே தெரியல மேடம்" என்கிறார். எனக்கும் தெரியவில்லை. மேடையிலிருந்து பார்த்தவன் நீ. கோளாறு எங்கே?

தாரணி


மயிலாப்பூர்,
11 மார்ச் 2025

அன்புள்ள தாரணி,

வயரில் கோளாறு இல்லை. அக்பர் பாஷாவை இனிமேல் சோதிக்க வேண்டாம் என்று சொல். பாவம் அவர்.

இடதுகைச் சத்தத்துக்குப் பெயர் இருக்கிறது, நேரில் சொல்கிறேன். ஆமாம், சும்மா இருந்தபோதும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

வாசிக்க உட்கார்ந்ததும் உன் விளக்கு எது என்று தேடினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது வரிசை ஓரம். எல்லோரும் தட்டி முடித்த பிறகு, அரை அட்சரம், உன் கணக்கில் பாதித் தட்டு, தள்ளி ஒன்று எரிந்தது. முதலில் சிரிப்பு வந்தது. ஒழுங்காகிவிடும் என்று பார்த்தேன், ஆகவில்லை. ஆனால் ஒரு தடவைகூட நிற்கவும் இல்லை. மற்ற விளக்கெல்லாம் விட்டு விட்டுத்தான் எரிந்தன, மூக்கைச் சொறிந்தார்களோ, பக்கத்தில் பேசினார்களோ. அந்த ஓரத்து விளக்கு மட்டும் விடாமல் தப்பாக எரிந்துகொண்டே இருந்தது. என் வாசிப்பை இப்படி ஒருத்தர் உட்கார்ந்து துரத்திக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் மற்ற ஐம்பத்தொன்பதையும் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கடைசிக் கோர்வையில் மூன்றாவது தடவைக்கு முன்னால் இடைவெளியைக் கொஞ்சம் நீட்டினேன். உன் விளக்கு எரியும் இடத்தில் முடித்தேன்.

மயிலாப்பூரின் அத்தனை மாமாக்களும் உட்கார்ந்திருக்க, கோர்வையைத் தாளத்தில் விழ வேண்டிய இடம் தப்பி முடிப்பது என்றால் என்னவென்று உனக்குத் தெரியாது. வேம்பு மாமா சனிக்கிழமையிலிருந்து என்னோடு பேசவில்லை. அப்பா, "உடம்பு சரியில்லையாடா?" என்று ரொம்ப மெதுவாகக் கேட்டார். மயிலாப்பூர் முழுக்கப் பேச்சாகியிருக்கும். ஸ்ரீநாத்துக்கு இடம் தப்பிவிட்டது என்று அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நான் யாரிடமும் விளக்கம் சொல்லப்போவதில்லை. உனக்குச் சரியாக விழுந்தது என்று எழுதியிருக்கிறாய், எனக்கு அது போதும்.

எனக்கு நீ வேண்டும் தாரணி. இதை நந்தனத்திலிருந்து வந்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அன்று வேறு என்னென்னவோ சொன்னேன்.

திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போட வரப்போவதில்லை. நீயும் போகாமல் இருந்தால் சந்தோஷப்படுவேன். வக்கீலிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?

உன்,
ஸ்ரீநாத்